சுவிட்சின் இடுக்கில் பிறந்த நாதம்: மின் கிட்டார் இணைப்புகளின் வரலாறு

மின் கிட்டாரின் முகப்பில் இருக்கும் குமிழ்கள் வானொலிப் பெட்டியிலிருந்து இறங்கி வந்தவை. 1930களில் அமெரிக்க வீடுகளில் இடம்பிடித்த வானொலிகளில், நிலையம் தேடும் குமிழோடு ஒலியைக் கூட்டிக் குறைக்க ஒன்றும் ஒலியின் கூர்மையை மழுக்க இன்னொன்றும் வைப்பது வழக்கமாகி வந்தது. பிந்தையதற்கு டோன் கண்ட்ரோல் என்று பெயர். அதன் பின்னே இருந்தவை இரண்டே உறுப்புகள்: வேகமாக அலையும் மின்னோட்டத்துக்கு எளிதில் வழிவிட்டு, மெதுவாக அலைவதைத் தடுத்து நிறுத்தும் மின்தேக்கி ஒன்று, திருகத் திருகத் தடையின் அளவு மாறும் பொட்டென்ஷியோமீட்டர் ஒன்று. குமிழைக் குறைக்கும்போது கூர்மையைத் தரும் மேல் அதிர்வெண்கள் மின்தேக்கி வழியே தரை இணைப்புக்கு வடிந்துபோக, எஞ்சிய கனத்த ஒலி மட்டும் ஆம்ப்ளிஃபயரைச் சென்றடையும். இந்தச் சுற்று எதையும் புதிதாகச் சேர்ப்பதில்லை, இருப்பதிலிருந்து கழிக்க மட்டுமே செய்கிறது என்பதையும், அப்படிக் கழிக்கும் ஓர் உறுப்பை வைத்துக்கொண்டுதான் அடுத்த அரை நூற்றாண்டுக்கு இத்தனை வகை நாதங்கள் உண்டாக்கப்பட்டன என்பதையும் சேர்த்து நோக்கினால் இந்த வரலாற்றின் விசித்திரம் விளங்கும்.

தொடக்கத்தில் அந்தக் குமிழுக்குக்கூடத் தேவை எழவில்லை. ஜார்ஜ் பீச்சம் 1931இல் வடிவமைத்து, அடால்ஃப் ரிக்கன்பேக்கரின் துணையோடு லாஸ் ஏஞ்சலிஸில் தயாரிக்கப்பட்டு, 1932இல் விற்பனைக்கு வந்த உலோக மடிக் கிட்டார், வாணலியை ஒத்த உருவத்தால் ‘ஃப்ரையிங் பேன்’ என்று அழைக்கப்பட்டது. தந்திகளை வளைத்துச் சூழ்ந்த இரண்டு லாடக் காந்தங்களும் தந்திகளுக்கு அடியில் ஒரு செப்புச் சுருளும் கொண்ட அதன் உணர்வி, அதாவது பிக்கப், தந்தியின் அசைவை மின் சமிக்ஞையாக மாற்றியது. கேட்கும் அளவுக்கு ஒலி வந்ததே அன்று பெரிய காரியம், அதன் நிறத்தைப் பற்றிக் கவலைப்படுவது பிறகு வந்த ஆடம்பரம். மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரிலிருந்த கிப்சன் நிறுவனம் 1936இல் வெளியிட்ட ஈ.எஸ்.-150இல் ஒலியளவுக்கு ஒன்று, டோனுக்கு ஒன்று என இரண்டு குமிழ்கள் இருந்தன. 1939இல் ஜாஸ் கலைஞர் பென்னி குட்மனின் குழுவில் சேர்ந்து, கிட்டாரைப் பின்னணித் தாளத்திலிருந்து முன்னணித் தனி இசைக்குக் கொண்டுவந்த சார்லி கிறிஸ்டியன் வாசித்தது இந்த வகைக் கருவியைத்தான். ஒரே பிக்கப் இருந்தவரை தேர்ந்தெடுக்க எதுவும் இல்லை; ஆகவே சுவிட்சும் இல்லை.

மேலே செல்லுமுன் இந்தச் சுற்றின் இயல்பைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயன் தரும், ஏனெனில் பிற்காலச் சச்சரவுகள் பலவற்றின் வேர் இங்கேதான் இருக்கிறது. பிக்கப் என்பது மயிரிழை போன்ற செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான முறை சுற்றிய சுருள்; அதற்கு மின்தூண்டல் என்ற பண்பு உண்டு, அது ஹென்றி என்ற அலகால் அளக்கப்படுகிறது. கிட்டாரையும் ஆம்ப்ளிஃபயரையும் இணைக்கும் கேபிளோ தன் நீளத்துக்கு ஏற்ப ஒரு சிறிய மின்தேக்கியைப் போலவே நடந்துகொள்கிறது. சுருளின் தூண்டலும் கேபிளின் தேக்குதிறனும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணை மட்டும் தூக்கிக் காட்டும். இதற்கு ஒத்ததிர்வு என்று பெயர். எடுத்துக்காட்டாக 4.5 ஹென்றி தூண்டல் உள்ள ஒரு பிக்கப்பும் 600 பிக்கோஃபாரட் தேக்குதிறன் உள்ள கேபிளும் சேர்ந்தால் அந்த உச்சம் ஏறத்தாழ 3,000 ஹெர்ட்ஸில், மனிதக் காது மிக நுட்பமாகக் கேட்கும் பகுதியில், வந்து அமர்கிறது. டோன் குமிழை முழுவதும் மூடிவிட்டால், கிப்சன் கிட்டார்களில் வழக்கமான 0.022 மைக்ரோஃபாரட் மின்தேக்கி நேரடியாகச் சுருளோடு சேர்ந்துகொள்ள, கூர்மை வடிந்துபோவதோடு நில்லாமல் உச்சமே ஏறக்குறைய 500 ஹெர்ட்ஸுக்குக் கீழிறங்கி, மூக்கடைத்த பாடகர் முனகுவதுபோன்ற புதிய குரலொன்று எழுகிறது. 1960களின் பிற்பகுதியில் கிரீம் குழுவில் எரிக் கிளாப்டன் இதை உரக்க ஒலிக்கும் ஆம்ப்ளிஃபயரோடு சேர்த்துப் பயன்படுத்தி ‘உமன் டோன்’ என்று பெயரிட்டார். மங்கலான தாள வாசிப்புக்கென்று வைத்த குமிழ் அங்கே தனி இசையின் குரலாயிற்று.

பொட்டென்ஷியோமீட்டரின் மதிப்பும் இந்த உச்சத்தைத் தொடுகிறது. ஃபெண்டர் கிட்டார்களில் 250 கிலோ ஓம், கிப்சன் கிட்டார்களில் 500 கிலோ ஓம் என்பது நாளடைவில் நிலைபெற்ற மரபு. தடை குறையக் குறைய உச்சம் அமுங்கி ஒலி மென்மையாகும், கூடக் கூடக் கூர்மை மிஞ்சும். குமிழ் முழுவதும் திறந்திருக்கும்போதும் அது அங்கே இருப்பதாலேயே ஒலியை மாற்றுகிறது.

சுவிட்சின் கதை கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் நகரில் தொடங்குகிறது. 1909இல் பிறந்த லியோ ஃபெண்டர் கணக்குப் பதிவு படித்தவர். 1938இல் அந்நகரில் வானொலி பழுதுபார்க்கும் கடை திறந்தார். கிட்டார் வாசிக்கத் தெரியாதவர். அவருக்கு இசைக்கலைஞர்கள் என்போர் பழுதான ஆம்ப்ளிஃபயரோடு கடைக்கு வருபவர்கள், அவர்கள் சொல்லும் குறைகளே அவருக்குக் கிடைத்த இசைக்கல்வி. 1950இல் அவர் வெளியிட்ட பிராட்காஸ்டர் என்ற கிட்டார், வேறொரு நிறுவனத்தின் வணிகப் பெயரோடு மோதியதால் 1951இல் டெலிகாஸ்டர் என்று பெயர் மாறியது. வெறும் பலகையை வெட்டிக் குடைந்து, கழுத்தைத் திருகாணியால் பொருத்தி, பாலத்தின், அதாவது பிரிட்ஜின், அருகே ஒரு பிக்கப்பும் கழுத்தருகே இன்னொன்றும் வைத்த அந்தக் கருவியில் மூன்று நிலைகள் கொண்ட ஒரு லீவர் சுவிட்ச் இருந்தது. இன்றைய வாசகர் அந்த மூன்று நிலைகளும் பாலம், இரண்டும், கழுத்து என்று எண்ணிக்கொள்வார். லியோ அப்படி எண்ணவில்லை.

அவருடைய முதல் இணைப்பில் சுவிட்சைப் பின்னோக்கித் தள்ளினால் பாலத்துப் பிக்கப் முழுமையாக ஒலிக்கும். அப்போது இரண்டாவது குமிழ் டோனைத் தொடுவதில்லை, கழுத்துப் பிக்கப்பை எவ்வளவு கலப்பது என்பதைத் தீர்மானிக்கும். நடுநிலையில் கழுத்துப் பிக்கப் மட்டும் இயல்பாக ஒலிக்கும். முன்னோக்கித் தள்ளினால் அதே கழுத்துப் பிக்கப்பின் கூர்மை முழுவதையும் ஒரு மின்தேக்கி விழுங்கிவிட, ஆழமான மந்தமான ஒலி ஒன்று வரும். பிந்தைய இரு நிலைகளிலும் இரண்டாவது குமிழைத் திருகினால் எதுவும் நடக்காது. வினோதமாகத் தோன்றும் இந்த ஏற்பாட்டை லியோவின் வாடிக்கையாளர் எந்த மேடைகளில் வாசித்தனர் என்பதோடு பொருத்திப் பார்த்தால் காரணம் புலப்படும். நடன அரங்குகளில் வாசித்த சிறு குழுக்களில் ஒரே கிட்டார்க் கலைஞர் ஒரு பாடலுக்குள் முன்னணி இசை, தாள வாசிப்பு, சமயத்தில் பேஸ் வாத்தியத்தின் அடிநாதம் என்று மூன்று வேலைகள் செய்யவேண்டியிருந்தது. சுவிட்சின் மூன்று நிலைகளும் அந்த மூன்று வேலைகள். பிக்கப்பைத் தேர்ந்தெடுப்பது அவருடைய நோக்கமே அல்ல. வேலையைத் தேர்ந்தெடுப்பதுதான் நோக்கம்.

இந்த விளக்கத்துக்கு வலுவான சான்று எஸ்கொயர் என்ற மலிவான உடன்பிறப்பு. அதில் வழக்கமாக ஒரே ஒரு பிக்கப்தான், ஆயினும் அதே மூன்று நிலைச் சுவிட்ச் இருந்தது: ஒரு நிலையில் டோன் குமிழ் சுற்றிலிருந்து விலக்கப்பட்டு முழுக் கூர்மை கிடைக்கும், நடுநிலையில் டோன் குமிழ் செயல்படும், மூன்றாவதில் மந்த ஒலி. தேர்ந்தெடுக்க இரண்டாவது பிக்கப் இல்லாத கருவியில் மூன்று நிலைச் சுவிட்ச் வைத்தவர் எதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார் என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. பிராட்காஸ்டர் வந்த அடுத்த ஆண்டே, 1951இல், லியோ பிரிசிஷன் பேஸ் என்ற மின் பேஸ் கிட்டாரை வெளியிட்டுவிட்டார். அடிநாதத்துக்கென்று தனிக் கருவியே வந்துவிட்ட பின் கிட்டாருக்குள் இருந்த பேஸ் நிலைக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஆனாலும் அது போகவில்லை. 1952இல் கலவைக் குமிழை உண்மையான டோன் குமிழாக மாற்றியபோதும் முன்நிலையின் மந்த ஒலி அப்படியே நீடித்தது. அந்த மாற்றத்தின் பக்கவிளைவாக, இரண்டு பிக்கப்களும் சேர்ந்து ஒலிக்கும் நிலை என்று ஒன்று அதிகாரபூர்வமாக இல்லாமலே போனது. பாலம், இரண்டும், கழுத்து என்ற இன்றைய ஒழுங்கு டெலிகாஸ்டருக்கு 1967இல்தான் வந்தது; அதற்குள் லியோ நிறுவனத்தை 1965 ஜனவரியில் 1.3 கோடி டாலருக்கு சி.பி.எஸ். நிறுவனத்திடம் விற்றுவிட்டு வெளியேறியிருந்தார்.

இதைவிடப் புகழ்பெற்ற சுவிட்ச் 1954இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டருடையது. மூன்று பிக்கப்கள், ஓர் ஒலியளவுக் குமிழ், இரண்டு டோன் குமிழ்கள், மறுபடியும் மூன்றே நிலைகள். அந்தச் சுவிட்சைக் கழற்றி மேசைமேல் வைத்துப் பார்த்தால் ஓர் உலோகச் சட்டம், பழுப்பு நிறக் காப்புத் தகடு, அதன் இருபுறமும் பக்கத்துக்கு நான்காக எட்டு இணைப்புக் கால்கள், லீவரின் அடியில் மூன்று பள்ளங்கள், லீவர் அந்தப் பள்ளங்களில் விழுந்து நிற்கும்படி இழுத்துப் பிடிக்கும் ஒரு சிறு ஸ்பிரிங் ஆகியவை தெரியும். மில்வாக்கியைச் சேர்ந்த சென்ட்ரலாப் நிறுவனத்தின் தயாரிப்பான இது கிட்டாருக்கென்று செய்யப்பட்டதன்று; மின்னணுக் கருவிகளுக்கான பொதுச் சரக்கு. எட்டுக் கால்களில் ஒரு பக்கத்து நான்கு, எந்தப் பிக்கப் ஒலியளவுக் குமிழுக்குப் போகவேண்டும் என்பதைத் தீர்மானித்தன; மறுபக்கத்து நான்கு, எந்த டோன் குமிழ் சுற்றுக்குள் வரவேண்டும் என்பதைத் தீர்மானித்தன. கழுத்துப் பிக்கப்புக்கு ஒரு டோன் குமிழ், நடுப் பிக்கப்புக்கு ஒன்று, இரண்டுக்கும் பொதுவாக ஒரே மின்தேக்கி. பாலத்துப் பிக்கப்புக்கு டோன் குமிழே இல்லை, அது கூர்மையாகவே ஒலிக்கட்டும் என்று விடப்பட்டது. அந்தக் கூர்மையைத் தாங்காமல் இரண்டாவது டோன் குமிழைப் பாலத்துப் பிக்கப்புக்கு மாற்றிப் பற்றவைக்கச் சொல்லும் வாடிக்கையாளர்களால் பழுதுபார்ப்போர் இன்றுவரை பிழைக்கிறார்கள்.

அந்தச் சுவிட்சில் கிட்டார் தயாரிப்பாளர் திட்டமிடாத ஒரு தன்மை இருந்தது. ஒரு நிலையிலிருந்து அடுத்ததற்கு நகரும்போது ஒலி அறுந்துவிடாதபடி, நகரும் தொடுமுனை பழைய காலை விடுமுன்பே புதிய காலைத் தொட்டுவிடும். ஆகவே லீவரை இரண்டு பள்ளங்களுக்கு நடுவே, இடுக்கில், நிறுத்த முடிந்தால் அடுத்தடுத்த இரண்டு பிக்கப்களும் பக்க இணைப்பில் ஒருங்கே ஒலிக்கும். ஒரே தந்தியின் அதிர்வை இரண்டு வெவ்வேறு இடங்களிலிருந்து கேட்டுச் சேர்ப்பதால் சில மேற்சுரங்கள் ஒன்றையொன்று தணித்து, குடைவான, கண்ணாடிபோல் தெளிந்த, சற்று மூக்கொலி கலந்த நாதம் எழும். ஆங்கிலம் பேசும் கலைஞர்கள் இதை வாத்தின் கத்தலோடு ஒப்பிட்டுப் பெயர் சூட்டினர். எதிர்க்கட்ட ஒலி என்றும் பலர் சொல்லிவந்தனர். பிந்தையது பிழை. ஒரு சுருளின் சமிக்ஞை ஏறும்போது மற்றதன் சமிக்ஞை இறங்குவதே எதிர்க்கட்டம். இங்கு இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன. கலைஞர்களுக்கு அந்த வேறுபாட்டைப் பற்றி அக்கறை இருக்கவில்லை, அந்த ஒலி கைக்கு வந்தால் போதும் என்றிருந்தது. லீவர் இடுக்கில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போனதால் சிலர் ஸ்பிரிங்கைத் தளர்த்தினர், சிலர் அரத்தால் தேய்த்து நடுவே இரண்டு பள்ளங்களைத் தாமே உண்டாக்கிக்கொண்டனர். ஒரு மயிரிழை தவறினாலும் பாடலின் நடுவே ஒலி மாறிவிடும் என்ற அபாயத்தோடுதான் மேடைகளில் இது பயன்பட்டது.

ஃபெண்டர் நிறுவனம் ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கு ஐந்து நிலைச் சுவிட்சைப் பொருத்தியது 1977இல். கருவி வெளிவந்து 23 ஆண்டுகள், லியோ விலகிப் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. மறு ஆண்டு வெளியான டயர் ஸ்ட்ரெய்ட்ஸ் குழுவின் முதல் இசைத்தட்டில் மார்க் நாஃப்ளர் விரலால் மீட்டிய இடைநிலை நாதம் உலகெங்கும் பரவி, ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்றாலே இதுதான் என்று எண்ணுமளவுக்கு நிலைத்துவிட்டது. பின்னர் நடுப் பிக்கப்பின் சுற்றுத் திசையையும் காந்தத் துருவத்தையும் ஒருசேரத் திருப்பி வைக்கும் வழக்கம் வந்தது. அதனால் அந்த இரு இடைநிலைகளிலும் இசை கூடி, சுருள்கள் சுற்றுப்புற மின்கம்பிகளிலிருந்து உறிஞ்சும் உறுமல் மட்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கிறது. தயாரிப்பில் இடமே இல்லாதிருந்த நிலைகள் இவ்வாறு கருவியிலேயே மிக அமைதியான நிலைகளாயின.

கலமசூவில் வேறு மரபு வளர்ந்தது. 1952இல் வந்த கிப்சன் லெஸ் பால் கிட்டாரில் இரண்டு பிக்கப்களுக்கும் தனித்தனியே ஒலியளவு, டோன் என நான்கு குமிழ்கள். மேல் தோளில் ஒரு மூன்று நிலை டாகிள் சுவிட்ச். அதைச் சுற்றிப் பதித்த வட்டத் தகட்டில் ஒருபுறம் ‘ரிதம்’, மறுபுறம் ‘டிரெபிள்’. பிக்கப்பின் பெயரை எழுதாமல் ஒன்றில் வேலையின் பெயரையும் மற்றதில் ஒலியின் பெயரையும் எழுதியிருப்பதைக் கவனித்தால் இரண்டு சிந்தனைகளும் கலந்துநின்ற காலத்தின் முத்திரை அது என்பது தெரியும். ஆனால் லியோ ஒரே தட்டலில் மாறச் செய்ததை கிப்சன் முன்கூட்டியே அமைத்துவைக்கும் செயலாக மாற்றியது: ஒரு பிக்கப்பைத் தாளத்துக்கு மெதுவாகவும், மற்றதைத் தனி இசைக்கு உரக்கவும் வைத்துக்கொண்டால் சுவிட்சைத் தட்டிய கணத்தில் முழு அமைப்பும் மாறிவிடும். நடுநிலையில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. ஒலியளவுப் பொட்டென்ஷியோமீட்டருக்கு மூன்று கால்கள்: ஒன்றில் பிக்கப்பிலிருந்து சமிக்ஞை நுழையும், நடுக்கால் வழியே வெளியேறும், மூன்றாவது தரை இணைப்பு. நடுநிலையில் இரு நடுக்கால்களும் இணைந்துவிடுவதால் ஒரு குமிழை முழுவதும் மூடினால் மற்றதும் சேர்ந்து ஊமையாகிவிடும். நுழைவையும் வெளியேற்றத்தையும் இடம் மாற்றிப் பற்றவைத்தால் இது தீரும், ஃபெண்டரின் ஜாஸ் பேஸில் அப்படித்தான் செய்தனர். ஆனால் அப்போது குமிழைக் குறைக்கும்போது கூர்மையும் கூடவே போய்விடும்.

கூர்மை போவதைப் பற்றிய இந்தக் கவலைதான் ‘ஐம்பதுகளின் இணைப்பு’ என்று இன்று பெயர் பெற்றிருக்கும் வழக்கத்துக்கும் காரணம். ஐம்பதுகளின் லெஸ் பால் கிட்டார்களில் டோன் சுற்று ஒலியளவுக் குமிழின் வெளியேறும் காலோடு பற்றவைக்கப்பட்டிருந்தது. பிற்காலத்தில் அது நுழையும் காலுக்கு மாறியது. ஒரே ஒரு கம்பி ஒரு காலிலிருந்து பக்கத்துக் காலுக்குப் போன இந்த மாற்றத்தால், பழைய முறையில் ஒலியைக் குறைத்தாலும் ஓரளவு காக்கப்பட்ட கூர்மை, புதிய முறையில் ஒலியோடு சேர்ந்து மங்கலாயிற்று. கிட்டாரின் குமிழைக் குறைத்து ஆம்ப்ளிஃபயரைத் தெளியவைக்கும் கலைஞர் இந்த வேறுபாட்டை முதல் நிமிடத்திலேயே உணர்வார். ஃபெண்டரோ அறுபதுகளின் இறுதியில் டெலிகாஸ்டரின் ஒலியளவுக் குமிழின் குறுக்கே 0.001 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றைப் பாலம்போட்டு, மேல் அதிர்வெண்களுக்கு மட்டும் குறுக்குவழி திறந்துவிட்டது. குமிழைக் குறைத்தால் அப்போது ஒலி மங்குவதற்குப் பதில் மெலிந்து கீச்சிடத் தொடங்கியது. எல்லாருக்கும் பிடித்த தீர்வு இன்றுவரை இல்லை.

உறுமலுக்கான மருந்தும் கலமசூவில்தான் தயாரானது. கிப்சனின் பொறியாளர் சேத் லவர் 1955 ஜூனில் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஹம்பக்கர் பிக்கப்பில் எதிரெதிர்த் துருவமும் எதிர்த்திசைச் சுற்றும் கொண்ட இரண்டு சுருள்கள் தொடரிணைப்பில் இருந்தன. உறுமல் அழிந்து இசை தடித்தது. காப்புரிமை 1959 ஜூலையில் கிடைத்தது. அதன் பின்னர் பிக்கப்களின் அடியில் ஒட்டப்பட்ட சீட்டுகளில் அச்சிட்டிருந்த எண் ஹம்பக்கருடையதே அல்ல, அந்தக் கிட்டாருக்குப் பெயர் தந்த கலைஞர் லெஸ் பாலின் தந்திப்பிடி ஒன்றுக்கான காப்புரிமை எண். வேண்டுமென்றே போட்டியாளரைத் திசைதிருப்பச் செய்ததென்று பலர் நம்புகின்றனர். அலுவலக அலட்சியமாகவும் இருக்கலாம். இந்த வரலாற்றுக்கு வேண்டியது வேறொன்று: ஒரே உறைக்குள் இரண்டு சுருள்கள் வந்துவிட்டதால் அவற்றைப் பிரிக்கவும் திருப்பவும் சேர்க்கவும் இடம் உண்டாகிவிட்டது.

ஐம்பதுகளின் இறுதியிலும் அறுபதுகளின் தொடக்கத்திலும் தயாரிப்பாளர்கள் தாமே சுவிட்சுகளைப் பெருக்கினர். மூன்று பிக்கப்களும் சுவிட்சே இல்லாத மூன்று ஒலியளவுக் குமிழ்களுமாக 1949இல் வந்த கிப்சன் ஈ.எஸ்.-5, சுவிட்ச்மாஸ்டர் என்ற பெயரில் நான்கு நிலைச் சுவிட்சும் ஆறு குமிழ்களும் ஏற்றது. 1959இன் ஈ.எஸ்.-345இல் வேரிடோன் என்ற ஆறு நிலைச் சுழல் சுவிட்ச், தூண்டல் சுருள் ஒன்றையும் வெவ்வேறு மின்தேக்கிகளையும் மாற்றி மாற்றிச் சேர்த்து ஒலியின் நடுப்பகுதியைக் குடைந்தெடுத்தது, புளூஸ் கலைஞர் பி. பி. கிங்கின் கைகளில் இருந்ததால் அதற்கு ஆயுள் கூடியது. கிரெட்ச் நிறுவனம் டோன் குமிழை எடுத்துவிட்டு ஒரு மூன்று நிலைச் சுவிட்சை வைத்தது. அதற்குக் கலைஞர்கள் வைத்த பெயர் சேற்றுச் சுவிட்ச். லியோவும் சளைக்கவில்லை. 1958இன் ஜாஸ்மாஸ்டரில், மேல் தோளில் ஒரு சறுக்குச் சுவிட்சைத் தள்ளினால் தனிக் குமிழ்களுடன் கூடிய தாளச் சுற்று ஒன்று முழுதாக விழித்தெழும். 1962இன் ஜாகுவாரில் அதோடு அடிநாதத்தை நறுக்கிவிடும் இன்னொரு சுவிட்சும் சேர்ந்தது. வேலைக்கு ஒரு நிலை என்ற பழைய எண்ணத்தின் முழுமை இது. ஜாஸ் கலைஞர்களை மனத்தில் வைத்துச் செய்த ஜாஸ்மாஸ்டரை அவர்கள் பொருட்படுத்தவில்லை. கலிஃபோர்னியாவின் கடற்கரை இசைக் குழுக்கள் எடுத்துக்கொண்டன.

இதே காலத்தில் கலைஞர்களும் பழுதுபார்ப்போரும் இணைப்புகளைத் தாமே மாற்ற ஈயம் உருக்கத் தொடங்கியிருந்தனர். கிட்டார்க் கலைஞர் பீட்டர் கிரீனின் 1959ஆம் ஆண்டு லெஸ் பாலில் கழுத்துப் பிக்கப்பின் காந்தம் தலைகீழாக இருந்ததால் நடுநிலையில் உண்மையான எதிர்க்கட்ட ஒலி, மெலிந்து ஏங்கும் ஒலி, வந்தது. பின்னர் அக்கருவி இன்னொரு கலைஞரான கேரி மூரின் கைக்குப் போனபோதும் அந்தப் பிழை திருத்தப்படவில்லை. இங்கிலாந்தில் கிட்டார்க் கலைஞர் பிரையன் மே தன் தந்தையோடு சேர்ந்து 1963இல் செய்யத் தொடங்கிய கிட்டாரில் பர்ன்ஸ் நிறுவனத்தின் மூன்று பிக்கப்கள் தொடரிணைப்பில் வைக்கப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் இயக்கி நிறுத்த ஒரு சுவிட்ச், கட்டத்தைத் திருப்ப ஒரு சுவிட்ச், ஆக ஆறு. வேலையின் பெயரோ நிலையின் பெயரோ இல்லாமல், எந்தச் சேர்க்கையையும் கலைஞரே கண்டுபிடித்துக்கொள்ளும்படி விட்ட முதல் வடிவங்களில் இது ஒன்று என்பதால் இதற்குத் தனி மதிப்பு உண்டு. எழுபதுகளில் டிமார்சியோ முதலிய தனிப் பிக்கப் தயாரிப்பாளர்கள் சந்தைக்கு வந்து, ஹம்பக்கரின் இரு சுருள்களின் நான்கு முனைகளையும் நான்கு நிறக் கம்பிகளாக வெளியே கொண்டுவந்ததும், சுருளைப் பிரித்தல், தொடரிணைப்புக்கும் பக்க இணைப்புக்கும் மாற்றுதல், கட்டம் திருப்புதல் ஆகியவை தெருமுனைப் பட்டறைக்கும் எட்டும் வேலைகளாயின. குமிழை இழுத்தால் சுவிட்சாக மாறும் பொட்டென்ஷியோமீட்டர்கள் வந்ததால் முகப்பில் புதுத் துளை போடாமலே இதையெல்லாம் மறைத்துவைக்க முடிந்தது.

மறுபுறம் கிட்டார்க் கலைஞர் எட்வர்ட் வான் ஹேலன், தன் கையால் ஒட்டுப்போட்டுச் செய்த கிட்டாரில் ஒரே ஒரு ஹம்பக்கரை ஒரே ஒரு ஒலியளவுப் பொட்டென்ஷியோமீட்டரோடு நேரே இணைத்துவிட்டு 1978இல் முதல் இசைத்தட்டை வெளியிட்டார். அந்தக் குமிழின் மேல் ‘டோன்’ என்று அச்சிட்டிருந்தது, ஏனெனில் கைக்குக் கிடைத்த ஸ்ட்ராட்டோகாஸ்டர்க் குமிழ் அது.

இன்று அந்தப் பழைய உறுப்புகளுக்குத் தனிச் சந்தை இருக்கிறது. பொட்டென்ஷியோமீட்டரின் முதுகில் குத்தியிருக்கும் எண்களில் முதல் மூன்று தயாரிப்பாளரையும் (137 என்றால் சி.டி.எஸ்., 304 என்றால் ஸ்டாக்போல், 134 என்றால் சென்ட்ரலாப்), அடுத்தவை ஆண்டையும் வாரத்தையும் குறிக்கும், 1376532 என்று இருந்தால் அது 1965ஆம் ஆண்டின் 32ஆம் வாரத்தில் சி.டி.எஸ். செய்தது. கிட்டார் அதற்குமுன் செய்யப்பட்டிருக்க முடியாது என்பதற்கு மட்டுமே இது சான்று; ஃபெண்டர் 1966இல் மொத்தமாக வாங்கிக் குவித்த சரக்கு அறுபதுகளின் முடிவுவரை கருவிகளில் வந்துகொண்டிருந்ததால், இந்த எண்ணை மட்டும் நம்பி வயது சொன்னவர்கள் தவறியிருக்கிறார்கள். ஸ்பிரேக் நிறுவனத்தின் ‘பம்பிள்பீ’ மின்தேக்கிகள், கறுப்பு உடலில் வண்ணப் பட்டைகள் தீட்டியவை, இன்று நகைபோல விலைபேசப்படுகின்றன. அவற்றுக்குள் ஏதோ மந்திரம் இருப்பதாக நம்புவோருக்குச் சுற்றின் கணக்கு ஆதரவு தருவதில்லை: மில்லிவோல்ட் அளவிலான சமிக்ஞையில் ஒலியைத் தீர்மானிப்பது மின்தேக்கியின் மதிப்பு, அதன் உடையன்று. அக்காலத்து உறுப்புகளின் மதிப்பு அச்சிட்ட எண்ணிலிருந்து கணிசமாக விலகுவதும் காலப்போக்கில் மாறுவதும் உண்டு என்பதால், ஒரு பழைய பம்பிள்பீயை மாற்றியதும் ஒலி மாறியது என்பவரின் காது பொய் சொல்லாமலும் இருக்கலாம்.

ஃபெண்டர் நிறுவனம் ஐம்பதுகளின் வடிவங்களை அச்சுப்பிசகாமல் மறுபடியும் தயாரித்து விற்கத் தொடங்கியபோது, ஸ்ட்ராட்டோகாஸ்டரில் பழைய மூன்று நிலைச் சுவிட்சையே பொருத்தியது. ஆனால் அந்தத் தொடரின் பல கருவிகளோடு, பெட்டிக்குள் தனி உறையில், வாங்குபவர் விரும்பினால் மாற்றிக்கொள்ள ஓர் ஐந்து நிலைச் சுவிட்சும் சேர்த்து அனுப்பப்பட்டது.